மழலைக்கும் இலக்கணம் உண்டு

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

திருக்குறளில் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை நாம் அனைவரும் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். குழலோசையைவிடவும் யாழோசையைவிடவும் மழலையே மேலானது என்பது வள்ளுவரின் தீர்ப்பு. ஆனால் அந்த மழலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. தேர்விலும் அந்த வினா வருவதில்லை. வீட்டில் மூன்று வயதுத் தம்பியோ நான்கு வயதுத் தங்கையோ உள்ளவர்களுக்குத்தான் அது நாள்தோறும் வருகிறது.

நாங்கள் குரங்கணி, கொட்டகுடி, முந்தல் பக்கமிருந்து ஒரே பேருந்தில் பள்ளிக்கு வரும் மாணவிகள். குரங்கணியிலிருந்து போடிநாயக்கனூர் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதும் நாங்கள் பாடத்தைப் பற்றியே பேசுகிறோம் என்று சொன்னால் சகோதரிகள் நம்பமாட்டார்கள். முந்தின நாள் வீட்டில் சின்னது என்ன சொல்லிற்று, என்ன செய்தது என்பதுதான் எங்கள் பேச்சு. பேசிச் சிரித்துக்கொண்டே வந்ததில், ஒரே மாதிரியான வேடிக்கை எல்லா வீட்டிலும் நடப்பதைக் கண்டோம். தனித்தனி வீட்டுப் பிள்ளைகள் சொல்லி வைத்தாற்போல் ஒரே தவறைச் செய்தால் அது வெறும் தவறாக இருக்க முடியாதல்லவா? அதை விசாரித்து அறிந்ததே இக்கட்டுரை.

முதலில் ஒலி. எங்களில் ஒருத்தியின் தம்பிக்கு ‘ழ’ வராது. வீட்டுக்கு வந்த ஒரு தாத்தா வாழைப்பழச் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். இவன் எதிரே போய் நின்று, “எனக்குப் பயம் வேணும்” என்றான். “பயம் எதுக்குடா? தாத்தா ஒண்ணும் செய்ய மாட்டேன்” என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். “பெரிய பயம் வேணும்” என்று இவன் அழ ஆரம்பித்தான். அப்பத்தா வந்து மொழிபெயர்த்த பிறகே பழம் கிடைத்தது.

‘ப’, ‘ம’ ஆகியவை உதட்டில் பிறப்பவை. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தே குழந்தை அவற்றைப் பழகிவிடும். ‘ழ’ அப்படியன்று. நாக்கின் நுனி மேலே வளைய வேண்டும். எதையும் தொட்டுவிடவும் கூடாது. வாய்க்குள் நடக்கும் இந்த வித்தையை வெளியிலிருந்து பார்க்க முடியாது. எனவே அதற்கு அண்டை வீட்டுக்காரனான ‘ய’வைக் குழந்தை கடன் வாங்கிக்கொள்கிறது. ‘ர’ வராதவர்கள் ‘ல’வை வாங்குவார்கள். இந்தத் தம்பிக்கு எங்கள் ஊர் ‘குலங்கணி’. (அவனுடைய அண்ணன், ஐந்து வயதுக்காரன், ‘குரங்கணி’ என்று திருத்தமாகச் சொல்வான். சொல்லிவிட்டு, “போடியில இருக்கிறவங்க மனுசங்கன்னா நாம யாரு?” என்று கேட்பான். போடியிலுள்ள தோழியரும் எங்களை இதே கேள்விதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு வயது பதினைந்து.)

சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அக்கா கேலியாக, “தம்பிக்குப் பயமா வேணும்?” என்று கேட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “பயம் இல்லக்கா, பயம்!” என்று காலை உதைப்பான். “பழமா?” என்று கேட்டால், “ஆமா, பயம்” என்று சாந்தமாவான். இதே நிகழ்ச்சியை ஜீன் பெர்கோ, ரோஜர் பிரௌன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1960-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒரு சிறுவன் தன் பொம்மை மீனை ‘ஃபிஷ்’ என்று சொல்ல வராமல் ‘ஃபிஸ்’ என்றான். பெரியவர் ‘ஃபிஸ்’ என்றதும் மறுத்தான். ‘ஃபிஷ்’ என்றதும் ஒப்புக்கொண்டான். காது முன்னால் போய்விட்டது, நாக்கு பின்னால் வருகிறது, அவ்வளவுதான். தான் சொல்வதும் நாம் சொல்வதும் குழந்தைக்கு ஒன்றாகவே படுகின்றன. நாம் அதைப் போலவே கொஞ்சிப் பேசும்போது, பெரியவர்களுக்கு ஏன் பேச வரவில்லை என்று அது வியப்படைகிறது.

அடுத்தது இலக்கணம். கொட்டகுடியில் நான்கு வயதுத் தங்கை ஒருத்தி வாய்க்காலோரம் விழுந்து எழுந்து வந்தாள். “நான் விழுந்தேன், அப்புறம் அழுந்தேன், அப்புறம் எழுந்தேன்” என்று வாக்குமூலம் கொடுத்தாள். வீடே சிரித்தது. ஆனால் சற்று யோசியுங்கள். ‘அழுந்தேன்’ என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. கிளிப்பிள்ளை போல் கேட்டதைத் திருப்பிச் சொல்வதானால் ‘அழுதேன்’ என்றே சொல்லியிருப்பாள். விழு என்றால் விழுந்தேன், எழு என்றால் எழுந்தேன். ஆகவே அழு என்றால் அழுந்தேன். விதி அவளுடையது. விதி சரி, தமிழ்தான் அந்த ஓரிடத்தில் விதிப்படி நடக்கவில்லை!

மேற்சொன்ன ஜீன் பெர்கோ 1958-இல் இதை அழகாகச் சோதித்தார். உலகில் இல்லாத ஒரு பிராணியைப் படமாக வரைந்து, அதற்கு ‘வக்’ என்று பெயரிட்டு, சிறுவர்களுக்குக் காட்டினார். பிறகு அதே போல் இரண்டைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார். ஆங்கிலத்தில் பன்மைக்குச் சேர்க்கும் ஒலியைச் சேர்த்து ‘வக்ஸ்’ என்று சிறுவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லை அதற்கு முன் அவர்கள் எங்கும் கேட்டிருக்க முடியாது. ஆகவே அவர்கள் மனத்தில் இருந்தது மனப்பாடம் அன்று, விதி.

இதே கொட்டகுடித் தங்கை ஒரு நாள் தட்டை ஏந்திக்கொண்டு அப்பத்தாவிடம் போய், “என்னைச் சாப்பிடு” என்றாள். அப்பத்தா, “பல்லு இல்லையே ஆத்தா” என்றார். நாம் வகுப்பில் தன்வினை, பிறவினை படித்திருக்கிறோம். ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, உருள், உருட்டு. தானே செய்வது ஒன்று, பிறரைச் செய்விப்பது மற்றொன்று. ‘சாப்பிடு’ என்பதற்குப் பிறவினை வேண்டுமானால் ‘ஊட்டு’ என்று வேறொரு சொல்லுக்குத் தாவ வேண்டும். அவள் இன்னும் தாவவில்லை. பிறவினை ஒன்று தேவை என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அதற்குரிய சொல்தான் கையில் இல்லை. பத்தாம் வகுப்பிலேயே இது பலருக்குக் குழப்பம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை.

நேற்று, நாளை குழப்பம் எல்லா வீட்டிலும் உண்டு. “நேத்து எனக்குப் பிறந்தநாள் வரும்”, “நாளைக்கு அப்பா அடிச்சாரு.” இன்று அல்லாத நாள் என்ற மட்டும் பிடிபட்டிருக்கிறது, முன்னா பின்னா என்பது பிடிபடவில்லை. இதற்காகப் பிள்ளைகளைக் குறை கூற முடியாது. இந்தி மொழியில் பெரியவர்களே நேற்றுக்கும் நாளைக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள்.

சொல்லுக்குப் பொருள் ஒட்டும் விதமும் வேடிக்கையே. முந்தலில் ஒரு பாப்பாவுக்குச் சக்கரம் உள்ளதெல்லாம் ஜீப்பு. தையல் இயந்திரமும் ஜீப்பு. முக்காடிட்டவர் எல்லாம் சிஸ்டர். கோவிலில் மாதா சுரூபத்தைப் பார்த்து, கைகூப்பி, “பெரிய சிஸ்டர்” என்றாள். எங்களுடைய சிஸ்டர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சிவந்து சிரித்தார். இன்னொரு வீட்டில் சிறுமி ஒருத்தி ஜெபமாலையில் ‘அருள்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அரிசி’ என்றே பல நாள் சொல்லி வந்திருக்கிறாள். கூட்டத்தோடு சொல்வதால் யாரும் கவனிக்கவில்லை. அருள் என்றால் அவளுக்கு என்னவென்று தெரியாது, அரிசி தெரியும். தெரியாத சொல் காதில் விழுந்தால், தெரிந்ததில் நெருங்கியதை எடுத்து அந்த இடத்தில் வைப்பது குழந்தையின் வழக்கம். அந்த வீட்டு அம்மாச்சி திருத்த மறுத்துவிட்டார். மாதாவிடம் அரிசி கேட்பதில் குற்றம் ஒன்றும் இல்லையாம்.

இனிச் செயலுக்கு வருவோம். சோற்றில் கைவிட்டு, தொட்டு, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசரே புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். அரண்மனையிலும் தரை துடைக்க வேண்டியிருந்தது போலும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் என ஒன்று உண்டு. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைக்க வரும் சிறுவனிடம், கலைக்காதே என்று கெஞ்சுவது அது. தம்பிமார்களின் இந்தக் குணம் இன்று நேற்று வந்ததன்று.

பேருந்தில் ஒரு சிறுவன் ஜன்னலோரம் உட்கார்ந்து கூடவே வரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடத்துநர் வந்தபோது, “மலைக்கு டிக்கெட் வாங்கலையா?” என்று கேட்டான். அவரும் சளைக்காமல், “அது பாஸ் வைத்திருக்கிறது” என்றார். நகர்வதெல்லாம் உயிருள்ளது, தன்னோடு வருவது தனக்காகவே வருகிறது என்று சிறுவர்கள் எண்ணுவதை, சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) விரிவாக எழுதியிருக்கிறார். தம்முடைய மூன்று குழந்தைகளையே கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர் அவர். கண்ணாமூச்சியில் தலையை மட்டும் சாக்குக்குள் நுழைத்துக்கொண்டு, உடம்பு முழுவதும் வெளியே தெரிய நிற்கும் குட்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு நீ தெரியவில்லை, ஆகவே உனக்கு நான் தெரியமாட்டேன்! பிறர் கண்ணால் பார்ப்பது என்பது பின்னால் வரும் கலை.

பியாஜேயின் சோதனை ஒன்றை நாங்கள் ஏலக்காய் வைத்துச் செய்து பார்த்தோம். எட்டுக் காய்களை ஒரு வரிசையாகவும் அதற்கு நேர் எதிரே எட்டை இன்னொரு வரிசையாகவும் வைத்தோம். எதில் அதிகம் என்றால், “ரெண்டும் ஒண்ணு” என்றான் நான்கரை வயதுக்காரன். பிறகு அவன் கண்முன்னே ஒரு வரிசையை அகட்டி வைத்தோம். மறுபடி கேட்டால், “நீளமா இருக்கிறதுலதான் நிறைய” என்றான். கூட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை, ஆயினும் அதிகமாகிவிட்டது. ஏறக்குறைய ஆறு ஏழு வயது வரை இப்படித்தான் என்பது பியாஜேயின் முடிவு. முறுக்கை ஒடித்துக் கொடுத்தால் “எனக்கு ரெண்டு” என்று மகிழ்வதும், அகன்ற வட்டாவைத் தள்ளிவிட்டு உயரமான டம்ளருக்குச் சண்டை போடுவதும் இதே கணக்கைச் சேர்ந்தவை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சன் என்னும் பேராசிரியையும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் மெக்காரிகிள் என்பவரும் 1970-களில் ஒரு சந்தேகத்தை எழுப்பினார்கள். பெரியவர் ஒருவர் வரிசையை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டால் குழந்தை என்ன நினைக்கும்? முதலில் சொன்னது தவறு போலிருக்கிறது, மாற்றிச் சொல்லச் சொல்கிறார்கள் என்றுதானே? அதனால் அவர்கள் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையை விட்டு வரிசையைக் கலைக்கச் செய்தார்கள். சரியாக விடை சொன்ன குழந்தைகளின் தொகை மிகவும் கூடிற்று.

எங்களிடம் கரடி இல்லை. ஊருக்கேற்றபடி ஒரு துணிக் குரங்கு இருந்தது. குரங்கு ஓடிவந்து வரிசையை இழுத்துவிட்டது. “ஐயையோ, இப்போ எதுல நிறைய?” என்றோம். அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்து, “குரங்கு திங்கலையே, இழுத்துச்சு, அவ்வளவுதானே? ரெண்டும் ஒண்ணுதான்” என்றான். ஒரு குழந்தையிடம் பார்த்ததை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்லக் கூடாது என்று அறிவியல் ஆசிரியை எச்சரித்திருக்கிறார். ஆயினும் அன்று அவனுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தோம். ஒடிக்காமல் கொடுத்தோம்.

ஏலமலைக்குக் கீழே உள்ள எங்கள் ஊர்களில் இன்னொரு செய்தியும் உண்டு. அம்மாக்களில் பலர் இருட்டோடு எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறார்கள். போகும்போது குழந்தை தூங்குகிறது. திரும்பும்போது சில நாள் மறுபடியும் தூங்கிப் போயிருக்கிறது. விழித்திருக்கும் பொழுதில் அது பேசுவதெல்லாம் அப்பத்தாவிடமும் அக்காமாரிடமும்தான். “பயம் வேணும்” என்றவனின் அம்மா அதை நாங்கள் சொல்லித்தான் அறிந்தார். ‘அழுந்தேன்’ சில வாரங்கள் இருந்தது. ஒரு நாள் அந்தத் தங்கை ‘அழுதேன்’ என்றாள். அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டும், காசு தருகிறோம் என்றும், பழைய சொல் வரவில்லை. அவளுடைய அம்மா அதை ஒரு தடவைகூட நேரில் கேட்டதில்லை.

சார்லஸ் டார்வின் தம் மூத்த மகன் 1839-இல் பிறந்தது முதல் அவன் செய்ததையும் சொன்னதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 37 ஆண்டுகள் கழித்து அதைப் புரட்டிப் பார்த்து, 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தக் குழந்தை உணவுக்குத் தானே ஒரு பெயர் வைத்ததாம்: ‘மம்’. நம் வீடுகளில் சோற்றுக்கு மம்மம் என்று சொல்வதை டார்வின் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நாங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறோம். பேருந்தில் கை மாறி மாறி வரும். எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. வேலையில்லாத நாளில் அம்மாக்கள் சுற்றி உட்கார்ந்துகொள்ள, யாராவது ஒருத்தி வாசிப்போம். தங்கள் பிள்ளையின் பக்கம் வந்தால் இன்னொரு தரம் வாசி என்பார்கள். இந்த மாதம் எழுதியதில் ஒன்று மூன்று வயதுக்காரி ஒருத்தியைப் பற்றியது. பக்கத்து வீட்டில் விசேஷம். பாயசத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டார்கள். அவள் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “அம்மா வந்தாச்சு, வாசம் வருது” என்றாள். அப்போது மணி காலை பத்துதான்.