அப்பாவின் சாகாவும் பழைய ஹெட்டும்

தைப்பிங்கிலிருந்து ஈப்போ திரும்பும்போது, மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில்தான் அப்பாவின் புரோட்டோன் சாகா படுத்துவிட்டது. வெப்பமுள் சிவப்பில் நின்றது. பானெட்டைச் சுற்றிலும் ஆவி. மறுநாள் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் தே தாரிக் நிறம். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அப்பா. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத்தை விட்டு வெளியேறினோம். அப்போது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய கார் இது. விற்க மனமில்லை. என்னிடம் இருந்ததோ 800 ரிங்கிட்.

புந்தோங்கில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். சாகாவின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய வழியின்றி வளையும்; சில சமயம் வெடிக்கும். எங்கள் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல். “பழைய ஹெட் ஒண்ணு தேடுவோம் தம்பி. ஆனா கண்ணால பார்த்து வாங்கக்கூடாது” என்றார்.

பழைய சாமான் கடையில் மூன்று ஹெட்டுகள் கிடந்தன. ராக்கர்களைக் கழற்றிவிட்டு, அண்ணன் முதலில் கேம்ஷாஃப்டைக் கையால் சுற்றினார். அது ஹெட்டின் அலுமினியத்திலேயே சுழல்வது. ஹெட் வளைந்திருந்தால் பாதியில் இறுகும். அடிப்பாகத்தை எவ்வளவு சீவினாலும் அந்தக் கோணல் நேராகாது. முதல் ஹெட் அங்கேயே கழிந்தது. அடுத்ததில் தண்ணீர் ஓடும் துளைகளின் ஓரம் அரித்துப் போயிருந்தது. மூன்றாவதன் மேல் நேர்விளிம்புப் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் நுழைத்துப் பார்த்தார். 0.05 மி.மீ. தகடு சற்றே நுழைந்தது. “சீவினா சரியாயிடும்.”

அதைத் தூக்கிக்கொண்டு மெங்லெம்பு மெஷின் ஷாப்புக்குப் போனோம். அங்கிருந்த சீனப் பெரியவர் இளமையில் ஈய லம்பத்து இயந்திரங்களுக்குப் பாகம் கடைந்தவராம். சாகா வெளிவந்த அதே 1985-இல்தான் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. அவர் கைத்தொழில் மட்டும் மூடவில்லை.

அவர் தண்ணீர்த் துளைகளை அடைத்து, உள்ளே காற்றேற்றி, ஹெட்டைச் சுடுநீரில் முக்கினார். சூட்டில்தான் மறைந்த விரிசல் வாய் திறக்குமாம். குமிழி எதுவும் வரவில்லை. பிறகுதான் சீவினார், அதுவும் சமமாகும் அளவுக்கு மட்டும். அதிகம் சீவினால் எரியறை சுருங்கி அழுத்தம் கூடும்; எஞ்சின் தட்டும்.

வீட்டில் என் வேலை தொடங்கியது. கரியைச் சுரண்டினேன். வால்வுகளுக்குப் பசை தடவி, இருக்கையில் வைத்துத் தேய்த்தேன். சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் வளையம் தெரிய வேண்டும். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, எரியறைக் குழிகளில் தின்னர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தேன். அந்தக் கூலி மிச்சம். ஆனால் கேஸ்கெட், வால்வு சீல், டைமிங் பெல்ட் மூன்றையும் புதிதாகத்தான் வாங்கினேன். ஒரு பழைய கேஸ்கெட்டுக்காக மொத்த வேலையையும் இன்னொரு முறை செய்ய முடியுமா? போல்ட்டுகளை அண்ணன் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, பல சுற்றுகளில் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்.

மொத்தம் 780 ரிங்கிட். அதில் ஹெட்டின் விலை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சோதனைக்கும் சீவலுக்கும் புதிய பாகங்களுக்கும்தான் மீதி. மலிவான ஹெட்டைக் காப்பாற்றுவது அந்த மீதிதான்.

எஞ்சினை முடுக்குமுன் அண்ணன் ரேடியேட்டரைக் காட்டினார். பாதிக் குழாய்களில் துரு அடைப்பு. “இதை விட்டா புது ஹெட்டும் போயிடும்.” கூலன்டுக்குப் பதில் வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீரே ஊற்றியிருக்கிறோம். அப்பா முகம் வாடியது. “காசை மிச்சம் பிடிச்சேன்னு நினைச்சேன்பா” என்றார். ஊற்றியவர் அவர், ஒரு நாளும் மூடியைத் திறந்து பார்க்காதவன் நான்.

ரேடியேட்டரைத் திறந்து சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றினோம். அதற்குக் கடன்தான் வாங்கினேன்.

போன ஞாயிறு மீண்டும் அந்த மேட்டில் ஏறினோம். அப்பா சாலையைப் பார்க்கவே இல்லை, வெப்பமுள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பாதியிலேயே நின்றது. சுரங்கப்பாதை தாண்டியதும், “தைப்பிங்ல ஒரு தே குடிச்சிட்டுப் போவோம்” என்றார்.