படமும் சட்டமும்

நல்ல படம் ஒன்று கையில் கிடைத்தவுடன் பலரும் அதைச் சுருட்டிக்கொண்டு நேரே சட்டம் போடும் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் சரியாக உட்காரும்" என்கிறார். வந்தவரும் தலையாட்டிவிடுகிறார். எங்கள் பாட்டியின் திருமணப் புகைப்படம் இவ்வாறுதான் 10க்கு 12 அங்குலச் சட்டத்திற்காக ஒரு பக்கம் வெட்டப்பட்டது. அந்தப் பக்கத்தில் நின்றிருந்தவர் பாட்டியின் தம்பி. இளம் வயதிலேயே இறந்துபோன அவருக்கு வேறு படமே கிடையாது. ஆகையால் தோழியரே, முதலில் படத்தை அளந்துகொள்ளுங்கள். சட்டத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டங்கள் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். 8க்கு 10, 10க்கு 12, 12க்கு 15, 12க்கு 18, 16க்கு 20 ஆகியவை புகைப்பட அளவுகள். பெரிய சுவரொட்டிகளுக்கு 24க்கு 36 உண்டு. இந்த எண்கள் உள்ளே கண்ணாடி உட்காரும் இடத்தின் அளவையே குறிக்கும். மரத்தின் வெளி அளவு இதைவிடப் பெரியது. மேலும் சட்டத்தின் உதடு நான்கு பக்கமும் ஏறத்தாழ கால் அங்குலத்தை மறைக்கும். ஓரத்தில் எழுத்து இருக்கும் படமானால் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் வரையும் தாள்களோ சென்டிமீட்டர் கணக்கில் வருகின்றன. சிக்கல் இங்கேதான்! ஏ4 தாளின் அளவு 21க்கு 29.7 செ.மீ. 8க்கு 12 அங்குலச் சட்டம் பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் அதன் அகலம் 20.3 செ.மீ. மட்டுமே, 7 மில்லிமீட்டர் இடிக்கும். உடனே கத்தரிக்கோலைத் தேடாதீர்கள். 12க்கு 15 சட்டம் வாங்கி, நடுவில் சன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டையை வைத்தால், சுற்றிலும் நாலரை செ.மீ. அளவுக்கு வெள்ளைக்கரை அமைந்து படம் எடுப்பாக இருக்கும்.

அந்த அட்டை அழகுக்காக மட்டும் அன்று. புகைப்படத்தின் மேற்பரப்பில் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. மழைக்காலத்து ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தெடுக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். படத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே மவுண்ட் அட்டை சிறு இடைவெளி கொடுத்துக் காக்கிறது.

இனி மாட்டும் விதம். 2 மில்லிமீட்டர் கண்ணாடி 16க்கு 20 அளவில் ஒரு கிலோ எடை இருக்கும். 24க்கு 36 என்றால் 2.8 கிலோ. பெரிய சுவரொட்டிக்கு அக்ரிலிக் தகடு நல்லது. அதே கனத்தில் எடை பாதிக்கும் குறைவு. ஆனால் காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். பின்னால் கட்டும் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுவது பலருடைய வழக்கம். விசைகளைப் பற்றிப் படித்த நமக்கு அதன் விளைவு விளங்கும். கம்பி கிடைமட்டத்தோடு 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடைக்குச் சமமான இழுவிசை; 10 பாகை என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு! ஆணி தாங்கினாலும் கம்பியோ வளையமோ ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். கம்பியைச் சற்றுத் தொய்வாகவே கட்டுங்கள்.

பழைய வீடுகளில் வாசல்நிலைக்கு மேலே படங்கள் முன்பக்கம் சாய்ந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் கண்ணுக்கு நேராகத் தெரியவும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல் இருக்கவும் அந்தச் சாய்வு உதவும். (பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டவும்தான்!) வளையங்களைச் சட்டத்தின் உச்சியிலிருந்து நன்கு கீழே இறக்கிப் பொருத்தினால் சாய்வு வரும். வகுப்பறையில் நின்று பார்க்கும் படத்திற்கு இது தேவையில்லை. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருந்தால் போதும்.

வெயில் நேராக விழும் சுவரையும், மழையில் ஓதம் ஏறும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். வேறு இடமே இல்லையென்றால், சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள். படம் சுவரில் படியாமல் நிற்கும். இடையே காற்றும் புகுந்துபோகும்.