கல்லுக்குள் இருப்பதும் கைக்கு வருவதும்

டீ ஆறட்டும், நிதானமாகவே பேசலாம். பாக்சைட்டில் அலுமினியம், ஹேமடைட்டில் இரும்பு, கலீனாவில் ஈயம் என்று பள்ளியில் ஒரு பட்டியல் படித்திருப்பீர்கள். பட்டியல் சரிதான். ஆனால் அந்தத் தனிமம் கல்லை விட்டு எவ்வளவு எளிதில் வெளியே வரும் என்பதை அது சொல்லாது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சுண்ணாம்புக்கல்லிலிருந்தே தொடங்குவோம். டென்மார்க்கின் விபோர்க் நகருக்கு மேற்கே மோன்ஸ்டெட்டில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. உள்ளே சுமார் 60 கிலோமீட்டருக்குப் பாதைகள். பல நூற்றாண்டுகள் வெட்டியெடுத்துவிட்டு 1978இல் நிறுத்தினார்கள். இப்போது அங்கே பாலாடைக்கட்டி முதிர்கிறது, வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உள்ளே வெப்பநிலை எப்போதும் 8 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்தால் அதில் 40 கிலோ கால்சியம், 12 கிலோ கார்பன், 48 கிலோ ஆக்சிஜன். நம் அரியலூர்க் கல்லிலும் முக்கியச் சரக்கு இதே கால்சியம் கார்பனேட்தான். இதைக் காளவாயில் போட்டு 900 டிகிரிக்குச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மீதி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கட்டி வெடித்து, ஆவி கிளம்பி, தொட்டியே கொதிக்கும். அப்போதும் கால்சியம் தனியாக வந்தபாடில்லை, ஆக்சிஜனை விடாமல் பிடித்திருக்கிறது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சித்தான் அதைப் பிரித்தெடுத்தார். மோன்ஸ்டெட்டில் வெட்டியவர்களுக்கு அந்த உலோகம் தேவைப்படவில்லை. சுவர் கட்டக் காரைக்குச் சுண்ணாம்பு கிடைத்தால் போதும்.

இரும்பு இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. விபோர்க் இருக்கும் ஜட்லாண்டு பகுதியில் நிலத்தடி நீர் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்து, சதுப்பு நிலத்தில் காற்றுப் பட்டதும் துருநிறக் கட்டியாகப் படிய வைக்கும். இரும்புக்கால மக்கள் அதை மரக்கரியோடு மண் உலையில் இட்டார்கள். ஆக்சிஜனைக் கரி இழுத்துக்கொள்ள, இரும்பு மிஞ்சியது.

அலுமினியத்திடம் கரியின் வித்தை அந்த உலைச் சூட்டில் பலிக்காது. 1825இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பொட்டாசியக் கலவையைக் கொண்டு ஒரு சிறு கட்டியை எடுத்துக் காட்டினார். அலுமினியம் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருக்கிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அதைக் கரைத்தால் ஆயிரம் டிகிரிக்குள்ளேயே மின்சாரத்தால் பிரித்துவிடலாம் என்று 1886இல் ஹால், எரூ என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அந்தக் கிரையோலைட் பெருமளவில் கிடைத்தது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த கிரீன்லாந்தின் இவிட்டூட்டில். சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்ததும் இந்த வழியில்தான்.