டேப்லெட் வாங்கித் தருவதற்கு முன்

மே மாதம் இரண்டாவது வாரத்தில் தி.நகர் உஸ்மான் சாலை செல்போன் கடைகளுக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். அப்போதுதான் ப்ளஸ் டூ முடிவு வெளியாகியிருக்கும். 2025இல் அது மே 8ஆம் தேதி வந்தது, தேர்ச்சி 95.03 சதவீதம். பிள்ளை பாஸாகிவிட்டது, கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. மாமாவோ அத்தையோ சித்தப்பாவோ நல்லதாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். முந்தைய தலைமுறைக்குக் கைக்கடிகாரம் கிடைத்த இடத்தில் இப்போது டேப்லெட் இருக்கிறது.

"பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றுதான் கடையில் பேச்சு ஆரம்பிக்கும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், வாங்குபவர் தனக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளை என்ன படிக்கப் போகிறது?

மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் பி.காம். சேரப்போகும் பையனுக்கு டேப்லெட் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டிலோ, வெளியே ஒரு கணக்குப் பயிற்சியிலோ அவன் டேலி கற்றுக்கொள்ள வேண்டிவரும். டேலிபிரைம் விண்டோஸில் இயங்கும் மென்பொருள். ஐபேடிலும் ஆண்ட்ராய்டு டேப்பிலும் அதை நிறுவ முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேரும் பெண்ணுக்கும் இதே நிலைமைதான். ஆட்டோகேட் செயலி டேப்பில் கிடைக்கும். வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம், சின்னத் திருத்தம் செய்யலாம். ஆய்வகத்தில் கேட்கும் முழு வேலைக்கு அது போதாது. 2020இல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தவருக்கும் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க லேப்டாப் வேண்டும். இவர்கள் கையில் டேப்லெட் ஆறே மாதத்தில் சினிமா பார்க்கும் பலகையாகிவிடும். குற்றம் பிள்ளையுடையது அல்ல. அந்தப் படிப்பின் வேலைக்கு அது பொருந்தாத கருவி.

சி.ஏ. படிக்கும் பிள்ளையின் நிலைமை வேறு. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தன் பாடப் புத்தகங்களை பிடிஎஃப் கோப்பாக இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு தாளுக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்கள். சட்டம் மாறும்போது திருத்தங்களும் வந்து சேரும். படித்து, கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி, வகுப்பு வீடியோ பார்த்து, மறுபடி படிக்க வேண்டும். டேப்லெட் செய்து காட்டக்கூடிய மிக நல்ல வேலை இதுதான். மருத்துவம் படிப்பவருக்கும் சட்டம் படிப்பவருக்கும் இதே பயன் உண்டு.

வேலைக்கு ஏற்பத்தான் கருவி என்பதையே அரசாங்கத்தின் அனுபவமும் காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயன்பெற்றார்கள். இடையில் நின்றுபோன அந்தத் திட்டம், 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் வேறு வடிவில் திரும்பி வந்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, அவரவர் விருப்பப்படி மடிக்கணினி அல்லது கைக்கணினி என்பது அறிவிப்பு. ஆனால் அரசு நிறுவனமான எல்காட் பின்னர் கோரிய ஒப்பந்தப்புள்ளி 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. கொண்ட மடிக்கணினிக்கானது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு தந்ததோ டேப்லெட். வகுப்பறையில் நின்றபடி ஒரு பாடத்தைத் திறந்து காட்டவும், பிள்ளைகளின் மதிப்பீட்டைப் பதியவும் டேப் போதும். கல்லூரியில் உட்கார்ந்து நாற்பது பக்க ப்ராஜெக்ட் தட்டச்சு செய்யப் போகிறவருக்கு அது போதாது.

டேப்லெட்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், அடுத்து பார்க்க வேண்டியது கம்பெனியின் பெயரையும் ப்ராசஸரையும் அல்ல, பக்கத்தின் அளவை. கடையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

மாணவர்கள் கைக்கு வரும் பிடிஎஃப் பெரும்பாலும் ஏ4 அளவில், அதாவது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம் கொண்ட பக்கமாகத் தயாரிக்கப்பட்டது. இன்று பரவலாக விற்கும் 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் சுமார் 148 மில்லிமீட்டர். அதில் அந்தப் பக்கம் சரியாக ஏ5 அளவுக்குச் சுருங்கி, பரப்பில் பாதியாகிவிடும். 11 புள்ளியில் அச்சிட்ட எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போகும். நல்ல கண்ணுக்கு அது சமாளிக்கக்கூடிய அளவுதான். 8.7 அங்குலத் திரையில் அகலம் 113 மில்லிமீட்டர்தான். பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகி, எழுத்து 6 புள்ளிக்கு வந்துவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்பைப் படிக்கிற கஷ்டம் அது. டேப்பைப் படுக்கைவாட்டில் திருப்பினால் எழுத்து பெரிதாகும். ஆனால் 11 அங்குலத் திரையிலும் பக்கத்தில் பாதிக்கும் குறைவுதான் ஒரே நேரத்தில் கண்ணில் படும். மேலே சமன்பாடு, கீழே அதன் படம் என்று இருக்கும் பாடத்தில் இது பெரிய தொந்தரவு. ஐபேடின் திரை ஏ4 பக்கத்தின் வடிவத்துக்கு நெருக்கமானது. அதனால் கிட்டத்தட்ட அதே அங்குலத்தில் பக்கம் சற்றுப் பெரிதாகத் தெரியும், ஓரத்தில் வீணாகும் இடமும் குறைவு. வீடியோ பார்க்க மற்ற டேப்புகளின் நீள வடிவம் வசதி.

தமிழில் படிக்கும் மாணவருக்கு இது இன்னும் முக்கியம். க என்பதும் க் என்பதும் ஒரு புள்ளியில்தான் வேறுபடுகின்றன. துணைக்காலையும் ரகரத்தையும் பிரிப்பது ஒரு சின்னக் கோடு. எழுத்து சிறுத்தால் முதலில் கலங்குவது இவைதான். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பக்கத்தில் இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவருக்கு அது பெரும் செல்வம். ஆனால் பழுத்த தாளில் மை மங்கிய பக்கங்களின் படங்கள் அவை. 1340க்கு 800 புள்ளிகள் கொண்ட சிறிய திரையில் அவற்றைத் தொடர்ந்து படிக்க முடியாது. கடைக்குப் போகிறவர் அப்படி ஒரு நூலையும், ஒரு பாடநூல் பக்கத்தையும் கூடவே பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ எடுத்துப் போய், காட்சிக்கு வைத்திருக்கும் டேப்பில் திறந்து பார்க்க வேண்டும். கடையில் ஓடும் வண்ண வீடியோவை வைத்துத் திரையை எடைபோடக் கூடாது. அந்த வீடியோவில் எல்லா டேப்பும் அழகாகத்தான் இருக்கும்.

விலையை மட்டுமே நோக்கிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. உலகின் மிக மலிவான டேப்லெட் என்று 2011 அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' கருவியை வெளியிட்டார். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அந்த 7 அங்குல டேப்பில் 256 எம்பி ராம், 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், அழுத்தினால்தான் வேலை செய்யும் தொடுதிரை. மானியத்துக்குப் பின் மாணவருக்கு ஏறத்தாழ ரூ.1,750. நாடே எதிர்பார்த்துக் காத்திருந்தது. கையில் வாங்கியவர்கள் மெதுவான வேகத்தையும், சீக்கிரம் தீர்ந்த பேட்டரியையும், விரல் நோக அழுத்த வேண்டியிருந்த திரையையும் பற்றித்தான் பேசினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஆகாஷ் 2இல் திரை, வேகம் இரண்டையும் திருத்தினார்கள். ஆனாலும் திட்டம் நிமிரவில்லை. ஏழை மாணவர் கையிலும் ஒரு கருவி இருக்க வேண்டும் என்ற நோக்கம் மிக உயர்ந்தது. அதற்குத் தகுந்த கருவியைத்தான் அந்த விலைக்குள் செய்ய முடியவில்லை.

பேனா விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். கடை முகப்பில் 200, 300 ரூபாய்க்குத் தொங்கும் ரப்பர் முனைப் பேனா, விரலுக்குப் பதிலாக இருக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் கோடு விழும். உண்மையான எழுதுகோலுக்கு டேப்பே இடம் தர வேண்டும். சாம்சங்கில் டேப் எஸ்6 லைட் போன்றவற்றில் எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும். விலை குறைந்த டேப் ஏ9, ஏ9 ப்ளஸ் இரண்டிலும் எஸ் பென் வேலையே செய்யாது. இந்த இரண்டு வகையும் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும். 2025 மார்ச்சில் வந்த ஏ16 சிப் ஐபேடில் இரண்டு ஆப்பிள் பென்சில்கள் பொருந்தும். யுஎஸ்பி-சி பென்சில் குறிப்பெழுதப் போதுமானது. ஆனால் கை அழுத்தத்தை அது உணராது. அழுத்தினால் தடித்தும், தளர்த்தினால் மெலிந்தும் கோடு வர வேண்டும் என்றால் முதல் தலைமுறைப் பென்சில்தான், அதைச் சார்ஜ் செய்யத் தனி அடாப்டரும் தேவை. தரமணியில் உள்ள நிஃப்ட்டில் வடிவமைப்பு படிக்க ஆசைப்படும் பெண்ணுக்குப் பரிசு வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், அவள் முதல் நாளே ஏமாந்துபோவாள்.

செலவைக் கூட்டும்போது பேனாவும் சேர வேண்டும். அந்த ஐபேடின் அறிமுக விலை ரூ.34,900. யுஎஸ்பி-சி பென்சில் ரூ.7,900. ஆப்பிளின் விசைப்பலகை உறையையும் எடுத்தால் இன்னொரு ரூ.24,900. மொத்தம் ரூ.67,700. அந்தத் தொகைக்கு நல்ல லேப்டாப்பே வரும். தட்டச்சு வேலை அதிகம் என்றால் விசைப்பலகையோடு டேப் வாங்குவதில் பொருளில்லை. லேப்டாப் வாங்குங்கள் என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அட்டைப்பெட்டியில் '8 + 8 ஜிபி ராம்' என்று போட்டிருந்தால் ராம் 8 ஜிபிதான். மற்ற எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கும் இடம்; அதன் வேகம் மிகக் குறைவு. சிம் போடும் வசதிக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் பலருக்கு வீண். பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள செல்போனின் ஹாட்ஸ்பாட் போதும். அந்தப் பணத்தைச் சேமிப்பிடத்தில் போட்டு 64 ஜிபிக்குப் பதில் 128 ஜிபியாக எடுக்கலாம். வகுப்பு வீடியோக்களை இறக்கி வைத்தால் 64 சீக்கிரம் நிரம்பிவிடும்.

பள்ளிப் பிள்ளைக்கு வாங்குகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2018இல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்றவர்கள் 1.7 லட்சம் பேருக்கு மேல். கதைகளைப் படிப்பதில் தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தகவல் நிறைந்த பாடத்தை, குறிப்பாக நேர நெருக்கடியில் படித்தபோது தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டேப் பாடநூலின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்படும் க்யூஆர் குறிகளை ஸ்கேன் செய்து வீடியோ பார்க்க, 'மணற்கேணி' செயலியில் ஒரு அறிவியல் பாடத்தை அசையும் படமாகப் பார்க்க அது உதவட்டும். எழுதுவதற்கு நோட்டுதான். பொதுத்தேர்வு மூன்று மணி நேரமும் தாளில்தான் நடக்கிறது. வழுக்கும் கண்ணாடியில் பழகிய கை அந்த வேகத்துக்கு வராது.

எத்தனை வருடம் உழைக்கும் என்பதை மாடல் எப்போது வெளியானது என்ற தேதி சொல்லிவிடும். 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட் 2025இன் ஐபேட்ஓஎஸ் 26ஐப் பெறவில்லை. 2020இன் எட்டாம் தலைமுறை பெற்றது. ஆண்ட்ராய்டு கம்பெனிகள் எத்தனை ஆண்டு அப்டேட் தருவோம் என்று ஒவ்வொரு மாடலுக்கும் அறிவிக்கின்றன. அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, கடையில் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் மூன்று வருடப் பழைய மாடலில் பாதி ஆயுள் ஏற்கெனவே தீர்ந்திருக்கும்.

பட்ஜெட் இடிக்கும்போது பலரும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். பழைய ஐபேட் அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும், தவறில்லை. வாங்கும் முன் விற்பவர் எதிரிலேயே செட்டிங்ஸில் போய்ப் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவர் தன் கடவுச்சொல்லைப் போட்டு நீக்க வேண்டும். வேறு யாராலும் முடியாது. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கும் அப்படித்தான் பூட்டும். முழுவதும் அழித்து, புதிதாகத் தொடங்கும் 'ஹலோ' திரை வந்து, வைஃபையில் இணைத்த பிறகும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், அப்போது பணத்தை எடுக்கலாம்.