ஏணி இல்லாத ஊரில் ஏறியவர்

கால்பந்து என்றதும் நமக்குப் பெலேயும் மரடோனாவும்தான் நினைவுக்கு வருவார்கள். உச்சியில் நின்றவர்களைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. கடைசிப் படியில் தொடங்கிய ஒருவரைப் பற்றி இம்முறை எழுதலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் எர்குலெஸ் கோமெஸ். நம் ஊர் ஹெர்குலிஸ் சைக்கிளின் பெயரேதான். ஸ்பானிஷ் மொழியில் முதல் 'ஹ' வாயில் வராது, அவ்வளவே. 1982இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து, லாஸ் வேகாஸில் வளர்ந்தவர். பெற்றோர் மெக்சிகோக்காரர்கள். பிறந்த மண் ஒன்று, பெற்றோர் மண் வேறொன்று. இந்த இரட்டை நிலை என்ன என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இளம் வயதில் மெக்சிகோவுக்குப் போய்க் கீழ்நிலை அணிகளில் முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. 2002இல் திரும்பி வந்து சான் டியேகோ கவ்ச்சோஸ் என்ற சிறு அணியில் சேர்ந்தார். அமெரிக்கக் கால்பந்தின் கீழ்த்தட்டு அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ சின்ன அணி ஒன்று தன் பிரிவில் வென்றால் மேல் பிரிவுக்கு ஏறும்; தோற்ற அணி கீழே இறங்கும். 1996இல் ஆட்டங்களைத் தொடங்கிய அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கரில் இந்த ஏற்றமும் இறக்கமும் இல்லை. பணம் கட்டி இடம் வாங்கியவர்களுக்கு மட்டுமே அங்கே அணி. கீழ்ப் பிரிவில் எத்தனை கோப்பை வென்றாலும் அணி அங்கேயேதான். ஆட்டக்காரர் மட்டும் தனி ஆளாக யார் கண்ணிலாவது பட்டு மேலே போகலாம். நம் நாட்டிலும் 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது இதே கதைதான். 2023இல்தான் ஐ-லீகை வென்ற பஞ்சாப் அணி முதன்முதலாக மேலே ஏறியது.

கோமெஸ் அப்படித்தான் தனி ஆளாக அலைந்தார். அன்று இரண்டாம் பிரிவில் இருந்த சியாட்டில் சவுண்டர்ஸில் ஆடினார். உள்ளரங்கக் கால்பந்தும் ஆடினார். ஐஸ் ஹாக்கி அரங்கு அளவு இடம், பக்கத்துக்கு ஆறு பேர், சுவரில் பட்டுத் திரும்பும் பந்து என்று அது வேறு விளையாட்டு. பெயர் நிலைக்கிற இடமும் அல்ல.

2005இல் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி அணியில் அவருக்கு நேரம் வந்தது. அந்த ஆண்டு யு.எஸ். ஓப்பன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டாலஸ் அணிக்கு எதிராக விழுந்த ஒரே கோல் இவருடையது. லீக் கோப்பையும் அதே அணிக்குத்தான். ஆனால் அதன்பின் கொலராடோ, கான்சஸ் சிட்டி என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2009 முடிவில் கான்சஸ் சிட்டி அவரை விட்டுவிட்டது. வயது 27. பெரும்பாலோர் கதை அங்கே முடிந்துவிடும்.

அப்போது கைகொடுத்தது பெற்றோர் நாடு. மெக்சிகோ லீகில் வெளிநாட்டவருக்கு வரம்பு உண்டு. மெக்சிகோப் பெற்றோரின் பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. மொழியும் தெரியும். 2010 ஜனவரியில் புவெப்லா அணியில் சேர்ந்தார். பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராகத்தான் இறங்கினார். இருந்தும் அந்தப் பருவத்தில் 10 கோல்! அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையை, பின்னர் மான்செஸ்டர் யுனைடெட் சென்ற ஹாவியெர் எர்னாண்டஸுடனும் பெரு நாட்டு ஹோஹான் ஃபானோவுடனும் பகிர்ந்துகொண்டார். வெளிநாட்டு முதல்நிலை லீக் ஒன்றில் இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் அமெரிக்கர் இவரே என்கிறார்கள்.

சில மாதங்களில் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை. அமெரிக்கக் குழுவில் கோமெஸ்! அல்ஜீரியாவுக்கு எதிராக முதல் பதினொருவரில் ஒருவர். கடைசி நிமிடங்களில் டோனவன் போட்ட கோல்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த எனக்கோ முதல் பாதியில் ஓடிய கோமெஸ்மீதே கண். அவர் கோல் எதுவும் போடவில்லை, இடைவேளையில் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஆறு மாதத்துக்கு முன் அணியே இல்லாதிருந்தவர் அங்கே நின்றாரே!

2012இல் சாந்தோஸ் லகுனா அணியுடன் மெக்சிகோ லீக் பட்டம் வென்றார். 2016இல், அதற்குள் மேல்தட்டுக்கு வந்துவிட்ட சியாட்டிலில் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். பிறகு தொலைக்காட்சி விமர்சகரானார்.

அமெரிக்கக் கீழ்ப்பிரிவு அணிகளின் அமைப்பான யு.எஸ்.எல். தன் பிரிவுகளுக்கிடையே ஏற்ற இறக்க முறையைக் கொண்டுவர 2025 மார்ச்சில் வாக்களித்தது. வரவேற்கத்தக்கதே. என் மனத்தில் நிற்பது வேறொன்று. கோமெஸுக்குப் பிறந்த நாடு கதவை மூடியபோது இன்னொரு கதவைத் திறந்தவை, பெற்றோர் சுமந்து வந்த மொழியும் உறவும். பிள்ளைகளுக்குத் தாய்மொழி எதற்கு என்று கேட்பவர்களிடம் இனி இவர் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.