சைடு வீல் ஸ்கூட்டரின் பெல்ட்: டைட் வைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்





கால்கள் பாதிக்கப்பட்ட நம் ஊர்ச் சகோதரர்கள் சிலர் சைடு வீல் பொருத்திய ஸ்கூட்டரில்தான் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் வேலைக்கும் போய் வருகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் அரசு இலவசமாக வழங்கும் பெட்ரோல் ஸ்கூட்டரும் இந்த வகைதான்.

அண்மையில் ஒரு சகோதரர் கமுதியிலிருந்து மஃரிப் நேரத்தில் அபிராமம் திரும்பும்போது, வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது; சக்கரம் சுற்றவில்லை. இருபுறமும் சீமைக்கருவேலங்காடு. நம்மைப் போன்றவர்கள் என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுவோம். அவரால் இறங்கி நிற்கவே முடியாது. அவ்வழியே வந்த ஒருவர் உதவி செய்து, இரவு வீடு வந்து சேர்ந்தார்.

திறந்து பார்த்தால் பெல்ட் அறுந்திருந்தது. "பெல்ட் லூசாகிவிட்டது, டைட் வைத்துவிட்டோம்" என்று சில வாரங்களுக்கு முன்புதான் ஓர் ஒர்க்ஷாப்பில் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஸ்கூட்டர் பெல்ட்டில் அப்படி டைட் வைக்கும் வேலையே கிடையாது. அதனால்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறோம்.

ஏன் டைட் வைக்க முடியாது?

மாவு மில்லில் பெல்ட் தொய்ந்தால் மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தி இறுக்குவார்கள். பைக், மொபெட் செயினையும் பின்சக்கரத்தை நகர்த்தி இறுக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டர் அப்படியல்ல. அதில் இரண்டு புல்லிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதிரெதிராக வைத்த இரண்டு தட்டுகளைப் போன்றது. நடுவிலுள்ள பள்ளத்தில் பெல்ட் உட்கார்ந்திருக்கும்.

ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் நகர்ந்து தட்டுகளை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும், வேகம் கூடும். பின்புல்லியில் ஒரு பெரிய ஸ்பிரிங் தட்டுகளை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். பெல்ட்டைத் தேவையான அளவு இறுக்கமாக வைத்திருப்பது அந்த ஸ்பிரிங்தான். மனிதர் கையால் திருகுவதற்கு அங்கே போல்ட் எதுவும் இல்லை.

ஆகவே பெல்ட் லூசாகத் தெரிந்தால், அது தேய்ந்து அகலம் குறைந்துவிட்டது அல்லது ஸ்பிரிங், ரோலர், புல்லி ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்று பொருள். வாஷர் சொருகி இறுக்குவது தீர்வாகாது. சுமார் 1 மி.மீ. அகலம் குறைந்தாலே பல வண்டிகளில் பெல்ட்டை மாற்றும் நேரம் வந்துவிடும். உங்கள் வண்டிக்குரிய அளவும் மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் கம்பெனியின் கையேட்டில் இருக்கும்.

சைடு வீல் வண்டிக்குக் கூடுதல் கவனம் ஏன்?

பக்கத்துச் சக்கரங்கள் வண்டியைத் தாங்க மட்டுமே செய்கின்றன. இழுப்பது நடுவிலுள்ள பழைய பின்சக்கரம்தான். கூடுதல் இரும்புச் சட்டம், கூடுதல் டயர் எல்லாவற்றின் பாரத்தையும் அதே பெல்ட்தான் இழுக்கிறது. சைடு வீலில் காற்றுக் குறைந்தாலோ, பிரேக் உரசிக்கொண்டு ஓடினாலோ பெல்ட் இன்னும் சீக்கிரம் சூடாகித் தேயும். எனவே கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பாகவே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெல்ட் தரும் எச்சரிக்கைகள்

• புறப்படும்போது உதறல் அல்லது கீச்சென்ற சத்தம்.
• என்ஜின் சத்தம் கூடியும் வண்டி வேகம் எடுக்காமல் இருப்பது.
• பழைய உச்ச வேகம் வராமல் போவது.
• ரப்பர் கருகும் வாடை.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூரப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அறுந்த துண்டு உள்ளே சிக்கிச் சக்கரத்தையே பிடித்துவிடவும் கூடும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

பெல்ட்டின் அகலத்தை அளக்கச் சொல்லுங்கள். மடக்கிப் பார்த்தால் உட்பக்கப் பற்களுக்கிடையே வெடிப்பு தெரியும். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ரோலர்களையும் பார்க்க வேண்டும். உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் அவையும் மாற்றப்பட வேண்டும். புல்லித் தட்டில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். பின்புல்லியின் தட்டுகளை விரித்துப் பெல்ட்டை உள்ளே இறக்கிய பிறகே முன்புல்லியின் நட்டை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் நடுவில் கடிபட்டு, நட் இறுகியதுபோலத் தோன்றிப் பின்னர் கழன்றுவிடும். மாட்டி முடித்ததும் பின்புல்லியைக் கையால் சுற்றினால், பெல்ட் பின்புல்லியில் மேலே வந்து தானாகவே இறுகிக்கொள்ளும். இதில் "டைட் வைப்பது" என்பது இவ்வளவுதான்.

ஓட்டுபவர் கவனிக்க வேண்டியது

மேட்டில் நிற்கும்போது ஆக்சிலேட்டரைக் கொடுத்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள். வாரம் ஒருமுறை எல்லா டயர்களிலும் காற்றைப் பாருங்கள். மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓட்டிப் பார்ப்பது விரலுக்கு ஆபத்து. வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். மொபெட்டில் சைடு வீல் போட்டவர்களுக்கு இருப்பது செயின். அதன் தொய்வை மட்டும் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்துகொள்ளலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய்க் காத்திருப்பது இந்தச் சகோதரர்களுக்குப் பெரும் சிரமம். வீட்டுப் பிள்ளைகளோ பக்கத்து வீட்டு இளைஞர்களோ அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பெல்ட்டைக் கையோடு வாங்கி வந்து அவரிடம் காட்டுங்கள். ஒருவர் தம் வாகனத்தில் ஏற உதவுவதும் ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த வாகனம் வழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் அந்த நன்மையில் சேரும், இன்ஷா அல்லாஹ்.