மகரந்தப் பருவமும் சுவாச யந்திரமும்

மூக்கு அடைத்துக்கொண்ட இரவில் நல்ல உறக்கம் வாராது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுற்று, இரவுதோறும் காற்றழுத்த யந்திரத்தின் துணைகொண்டு உறங்குவோருக்கு மூக்கடைப்பு ஒரு சிறு தொல்லையாக நின்றுவிடுவதில்லை. அவர்களுடைய சிகிச்சைக்கே அது இடையூறாகிறது. மகரந்தம் மிகுந்த வாரங்களில் இவர்களுள் சிலர் யந்திரத்தை ஒருபுறம் எடுத்து வைத்துவிடுகின்றனர். இது தவறு, எளிதில் தவிர்க்கக்கூடிய தவறுமாகும்.

தொண்டை மூடும் நோய்

நாம் உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை பெரிதும் தளர்ந்து மூச்சு வழியை மூடிவிடுகின்றன. பத்து விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்று, இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, மூளை திடுக்கிட்டு விழித்தெழும், வழி திறக்கும், மீண்டும் உறக்கம் வரும், மீண்டும் மூடும். மூச்சு நிற்பதும் குறைவதுமான இத்தகைய தடைகள் மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழுமாயின் நோய் கடுமையானது எனக் கொள்வர். உரத்த குறட்டை, காலைத் தலைவலி, பகலில் அடக்கமுடியாத தூக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். இரத்த அழுத்த நோயுடனும், வாகனம் ஓட்டுகையில் கண்ணயர்ந்து நேரும் விபத்துக்களுடனும் இந்நோய்க்குத் தொடர்பு உண்டு.

இதற்கான யந்திரத்தை வகுத்தவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை அவரும் உடன் பணிபுரிந்தோரும் 1981ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். ‘சீபேப்’ என்று இன்று வழங்கும் இந்த யந்திரம் பிராணவாயு தருவதன்று. அறைக் காற்றையே இழுத்து, வடிகட்டி, சிறிது அழுத்தத்துடன் முகமூடி வழியே செலுத்துகிறது. அவ்வழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவினது. நீர் நிறைந்த குவளையில் ஒரு குழலைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் அமிழ்த்தி ஊதினால், முதற் குமிழி வெளிவர வேண்டிய அழுத்தம் பத்து சென்டிமீட்டர் நீர் அளவாகும். தொண்டையைத் திறந்து வைக்க இவ்வளவே போதுமானது.

வாயிலில் தடை

சுவாசப் பாதை முழுவதிலும் காற்றுக்கு ஏற்படும் எதிர்ப்பில் ஏறத்தாழப் பாதி மூக்கிலேயே உள்ளது. சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் எதிர்ப்பு பதினாறு மடங்காகும் என்பது பௌதிக விதி. மூக்கின் அமைப்பு நேரான குழாயன்று எனினும், உட்சவ்வு சிறிதே வீங்கினாலும் மூச்சு பெரிதும் தடைப்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

இதன் விளைவுகள் இரண்டு. மூக்கு குறுகியபோது உள்ளிழுக்கும் விசை கூடுகிறது. அவ்விசை தளர்ந்த தொண்டையை மேலும் ஒட்டச் செய்கிறது. நனைந்த காகிதக் குழலின் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மறு முனையில் உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்வதை மாணவர்களுக்குக் காட்டலாம். மூக்கை மட்டும் மூடும் முகமூடி அணிந்தவர் வாயைத் திறந்து மூச்சுவிட நேரும்போது, செலுத்தப்பட்ட காற்று வாய் வழியே வெளியேறி அழுத்தம் குன்றுவது இரண்டாவது விளைவு. நா வறண்டு, சலிப்புற்று, நோயாளி முகமூடியைக் கழற்றிவிடுகிறார். ஆகவே நோய் மிகும் வாரங்களிலேயே சிகிச்சை நின்றுபோகிறது.

பருவங்களும் தாவரங்களும்

தில்லி முதலிய வட இந்தியச் சமவெளிப் பகுதிகளில் மகரந்தம் மிகும் காலங்கள் இரண்டு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வசந்தம், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும் இலையுதிர் காலத் தொடக்கம். முன்னதில் மரங்களின் மகரந்தமும், பின்னதில் புல், களைகளின் மகரந்தமும் மிகுந்திருக்கும். 1950களில் புனே நகரில் கவனத்துக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் மழைக்குப் பின் செழித்துப் பூக்கிறது. எந்த மாதத்தில் எந்த மகரந்தம் காற்றில் மிகும் என்பதைக் காட்டும் நாட்காட்டி ஒன்று சண்டீகர் நகருக்கென வகுக்கப்பட்டு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பழி யாருடையது?

யந்திரமே மகரந்தத்தை மூக்கினுள் செலுத்துகிறது என்று பலர் ஐயுறுகின்றனர். மகரந்தத் துகள்களுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை பருமனுள்ளவை; தூய வடிகட்டி அவற்றை எளிதில் தடுத்துவிடும். ஆனால் ஒவ்வாமையின் வீக்கத்தில் ஒரு பகுதி, மகரந்தம் பட்டுப் பல மணி நேரம் கழித்தே தோன்றும். பகலில் வயலிலும் சாலையிலும் சுவாசித்ததன் பலன் இரவில் வெளிப்படுகிறது. படுத்த நிலையில் மூக்கின் இரத்தக் குழாய்கள் நிறைவதால் அடைப்பு மேலும் கூடுகிறது.

யந்திரத்தினாலும் மூக்கடைப்பு உண்டாதல் கூடும். கண் அரிப்பும் தொடர் தும்மலும் சேர்ந்து, ஆண்டுதோறும் குறித்த மாதங்களில் வருமாயின் அது பெரும்பாலும் ஒவ்வாமையே. பருவ வேறுபாடின்றி, யந்திரம் அணிந்த இரவுகளை அடுத்துக் காலையில் மட்டும் மூக்கு வறண்டு எரியுமாயின், காற்றின் வறட்சியே காரணமாகலாம். ஈரப்பதக் கருவியின் அளவை உயர்த்தினால் குணம் தெரியும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்து ஒவ்வாமைக்குச் சிறந்தது. ஆயினும் அதன் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். ஆதலால் பருவம் தொடங்கு முன்னரே வைத்தியரைக் கண்டு அதனைத் தொடங்குதல் நலம். அடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்துகளை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் இட்டால், மருந்து நின்றதும் அடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். அடைப்பு நீக்கும் மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். இந்நோயாளிகளுள் பலருக்கு அந்நோயும் இருப்பதால் வைத்தியரின் அனுமதியின்றி உட்கொள்ளலாகாது. ஒவ்வாமைக்கான பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தை உண்டாக்கி, நோயின் பகல் தூக்கத்தோடு சேர்ந்து ஆபத்து விளைவிக்கும். அத்தன்மை குறைந்த புதிய வகைகள் உள்ளன.

படுக்குமுன் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது மகரந்தத்தை அகற்றும். இதற்குக் காய்ச்சி ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். காய்ச்சாத நீரில் உள்ள ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். மாலையில் குளித்துத் தலைமுடியையும் அலசி, உடை மாற்றிப் படுத்தல், துணிகளையும் தலையணை உறையையும் வீட்டினுள் உலர்த்துதல், படுக்கையறைச் சன்னலைச் சாத்தி வைத்தல் ஆகியனவும் பயன் தரும்.

யந்திரத்தின் பராமரிப்பு

கழுவத்தக்க கடற்பஞ்சு போன்ற வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, முற்றிலும் உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். மெல்லிய வெள்ளை வடிகட்டி கழுவத்தக்கதன்று. நிறம் மங்கியதும் மாற்றிவிட வேண்டும். மகரந்தப் பருவத்தில் அது வழக்கத்தைவிட விரைவில் மங்கும். ஈரப்பதக் கருவியின் நீரை நாள்தோறும் கொட்டி, காய்ச்சி வடித்த நீரைப் புதிதாக நிரப்புக. தேங்கிய நீரில் பூஞ்சணம் வளர்ந்தால் அதுவே மற்றோர் ஒவ்வாமைக்கு வித்தாகும். முகமூடியை மென்மையான சோப்பு நீரால் தினமும் கழுவுக. யந்திரத்தைத் தரையிலும் திறந்த சன்னலருகிலும் வைத்தல் கூடாது.

இவ்வளவு செய்தும் மூக்கு திறவாத நோயாளி, யந்திரத்தை நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் செல்ல வேண்டும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடியைப் பருவம் கழியும்வரை அணியும் வழி அவருக்கு உண்டு.

கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் தத்தம் பகுதியில் எந்தத் தாவரம் எந்த மாதத்தில் பூக்கிறது என்பதை நன்கு அறிந்தவர்கள். இந்த யந்திரத்தை உபயோகிப்போர் அறிமுகமானவர்களுள் இருப்பின், பூக்கும் காலத்துக்கு இரண்டு வாரம் முன்னரே அவர்களை வைத்தியரிடம் செல்லத் தூண்டுவது பேருதவியாகும்.